பாப்பாவுக்கு மாட்டின ஏசி

தங்கச்சிமடத்தில் யாருடைய போட்டில் இன்ஜின் நின்றாலும் முதலில் இன்னாசியைத்தான் தேடுவார்கள். நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். எதையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் இன்ஜின் போடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் நோவு என்று சொல்லிவிடுவார். பதினோரு வயசில் கடலுக்குப் போனார். வலை இழுத்து, மீன் பிரித்து, இருபத்திரண்டு வயசில் போட்டு டிரைவர் ஆனார். ஒருமுறை நடுக்கடலில் டீசல் குழாய் வெடித்தபோது, சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றி, நைலான் கயிறு போட்டு இறுக்கி, போட்டைக் கரை சேர்த்தார். கைக்குக் கிடைத்ததை வைத்துக் காரியத்தை முடிப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

அவரிடம் வேலை செய்யாத ஒன்று உண்டென்றால் அது மூக்கு. முப்பத்தைந்து வருஷம் இன்ஜின் ரூம் புகைக்குள் தலையை விட்டதில் வாசனை என்பதே அற்றுப்போயிருந்தது.

“இந்த மனுசனுக்குக் கருவாடும் ஒண்ணு, மல்லியப்பூவும் ஒண்ணு. நான் எதுக்குப் பூ வாங்கணும்?” என்பாள் அவர் மனைவி லூர்து மேரி.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, அனிட்டா. அவள் பிறந்தபோது இன்னாசி கடலில் இருந்தார். காற்று மாறி, போட்டு வேறு கரையில் ஒதுங்கி, வீடு வந்து சேர நாலு நாள் ஆனது. முதல் நாள் முகத்தைப் பார்க்கவில்லையே என்ற குறை இருபத்தாறு வருஷமாக அவருக்குள் கிடந்தது. அதனால் அனிட்டாவின் பிரசவத் தேதி மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வருகிறது என்று தெரிந்ததும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. ஊரே அந்த நாட்களைத் திட்டித் தீர்க்கும். அந்த வருஷம் இன்னாசி ஒருவர்தான் தடைக்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தார்.

பேத்தி பிறந்தாள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். இன்னாசி கையை வேட்டியில் துடைத்தார். நகக்கண்ணில் டீசல் கறை இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

“பிடிங்க அய்யா. எனக்கு இன்னும் மூணு பிள்ளை குடுக்க வேண்டியிருக்கு” என்றாள் நர்ஸ்.

வாங்கினார். கனமே இல்லை. கண்ணைத் திறக்காமலே அது வாயை மட்டும் கோணி ஒரு கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியை அன்றைக்கு அவர் எத்தனை பேரிடம் செய்து காட்டினார் என்பதற்குக் கணக்கே இல்லை. டீக்கடையில், போட்டு கட்டுகிற ஜெட்டியில், பங்குச்சாமியாரிடம்கூட.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் மூணு மாசம் தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த மூணு மாசத்தில் இரண்டு மாசம் தடைக்காலம். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கலாம் என்று இன்னாசி மனசுக்குள் கோட்டை கட்டியிருந்தார். வெயில்தான் இடைஞ்சலாக வந்தது. அவர் வீடு மேலே சிமெண்டு சீட்டு போட்டது. முன் அறைக்கு மட்டும் பிளைவுட் அடித்து ஒரு கூரைத் தட்டு இருந்தது. பகல் பத்து மணிக்கே அந்த அறை சட்டியாகக் காயும். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. பிள்ளைக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்து, பகலெல்லாம் வீல் வீலென்று அழுதாள்.

பன்னிரண்டாம் நாள் சம்பந்தியம்மா ஹெலன் பார்க்க வந்தார். மருமகன் ஆன்டோவின் அம்மா. ராமநாதபுரத்தில் மாடி வீடு. பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

“உடம்பு முழுக்கப் பொரிஞ்சு கிடக்கே. எங்க மாடி ரூமுல ஏசி இருக்கு சம்பந்தி. மூணு மாசம் இங்கனதான் இருக்கணும்னு சட்டமா? இன்னும் ஒரு வாரம் பாக்குறேன். இப்புடியே இருந்தா ஆன்டோவ வண்டி எடுத்துட்டு வரச் சொல்லிருவேன்.”

அவர் சொன்னதில் பொல்லாப்பு ஒன்றும் இல்லை. அதுதான் இன்னாசிக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போடவும் வழியில்லை.

லூர்து மேரியின் தம்பி எட்வர்ட் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் பழைய ஜன்னல் ஏசிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். முன் அறை ஜன்னலை உடைத்து அகலமாக்கி, இன்னாசி அதைத் தூக்கி மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி உறுமியது, காற்று வந்தது. ஆனால் குளிர் வரவில்லை.

மெக்கானிக் வாவு முகம்மதுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் ஏர்வாடிக்காரர். பதினெட்டு வருஷம் சவுதியில் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவர். இந்தப் பக்கத்து லாட்ஜ்களுக்கெல்லாம் அவர்தான் பார்ப்பார். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். செம்புக் குழாய்கள் பச்சை பூத்துக் கிடந்தன.

“உப்புக்காத்து தின்னுருச்சுண்ணே. ரூமுப் பக்கத்துக் காயில், இந்தச் செம்புச் சுருளு, சல்லடையாப் போச்சு. ஒரு ஓட்டைய அடைச்சா இன்னொண்ணு வாயத் திறக்கும். இருந்த கேஸும் போயிருச்சு.”

“வேற கேஸு ஏதாச்சும் போட முடியாதா பாய்?”

“இந்தப் பெட்டிக்கா? போடலாம்னு சொல்றவன் இருப்பான். நான் போடமாட்டேன்.”

ஏன் என்று இன்னாசி கேட்கவில்லை. புதுசு விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார். வாவு முகம்மது டீயை மட்டும் குடித்துவிட்டு, கூலி வேண்டாம் என்று சொல்லி, பாயில் கிடந்த பிள்ளையை எட்டிப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ். ஹயாத்தா, நூறு வயசு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் எட்வர்ட் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“மச்சான், இங்க பாருங்க. ஒருத்தன் எப்புடிப் பண்றான்னு. புரொப்பேன்னு ஒரு கேஸு. நம்ம அடுப்பு கேஸுலயும் அதுதான் இருக்காம். வெளிநாட்டுல ஃபிரிட்ஜுக்கே இப்ப இதத்தான் போடுறானாம்.”

“ஏலே, அது பத்திக்கிடாதா?”

“பெட்டிக்குள்ள அடைஞ்சு கிடக்குற கேஸு எப்புடிப் பத்தும்? அடுப்புல தெனமும் எரியுதே, வீடா பத்துது? அதுவும் பழைய கேஸுல பாதிகூட வேண்டாமாம். கொஞ்சூண்டு போட்டாலே குளிருதாம்.”

இன்னாசி அந்தப் படத்தை நாலு தரம் பார்த்தார். பேசுகிறவன் இங்கிலீஷில் பேசினான். அவன் வாய் என்ன சொன்னது என்பது தெரியவில்லை. கை என்ன செய்தது என்பது தெரிந்தது. இன்னாசிக்கு அது போதும். கையைப் பார்த்துத்தான் அவர் எல்லா வேலையும் கற்றுக்கொண்டது.

போட்டில் சோறு ஆக்குகிற சின்னச் சிலிண்டர் வீட்டுப் பின்பக்கம் கிடந்தது. தடைக்காலம் என்பதால் அடுப்போடு சேர்த்து இறக்கி வைத்திருந்தார்கள். பைபர் வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் பூசுகிற பசையும் டப்பாவில் மிச்சம் இருந்தது. குழாயில் பச்சை பூத்த இடத்தையெல்லாம் சுரண்டி, பசையை அப்பி, ஒரு நாள் காயவிட்டார். கடல் தண்ணியையே உள்ளே விடாத பசை, காற்றையா வெளியே விடும்? பழைய மெக்கானிக் யாரோ வைத்திருந்த வால்வில் குழாயை மாட்டிச் சிலிண்டரைத் திறந்தார். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். கை போகிற இடத்திலெல்லாம் ஒரு கொப்புளம்கூட வரவில்லை. தகடு தகடாக அடுக்கியிருந்த காயிலின் உள்பக்கத்துக்குக் கை போகவில்லை.

சுவிட்சைப் போட்டார். பெட்டி ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு உறுமியது. கொஞ்ச நேரத்தில் லூர்து மேரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ஆத்தி, குளிருது.”

எட்வர்ட் கையைத் தட்டினான். அனிட்டா சிரித்தாள். பிள்ளை வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டு, காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினாள். மூணு மணி நேரம். இன்னாசி பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ இன்ஜினை ஓட வைத்திருக்கிறார். இப்படி ஒரு சந்தோஷம் எந்த இன்ஜினும் கொடுத்ததில்லை.

குளிர் போகாமல் இருக்க அறையை அடைத்தார். கதவின் அடிப்பக்கம் உப்பரித்து ஒரு சாண் அகலத்துக்கு இற்றுப்போயிருந்தது. அந்தச் சந்தில் கிழிந்த நண்டு வலையைச் சுருட்டித் திணித்தார். பாம்பனில் ரப்பர் மெத்தைத் துண்டு கிடைக்கும், வாங்கிவந்து நல்லபடியாக அடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும் வரை தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிய வேண்டும், பகலானாலும் அணையக் கூடாது. இன்னாசியின் அம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் ஞானஸ்நானத்துக்கு முன்பே தவறிப்போயின. அதற்குப் பிறகு வந்தது இந்த வழக்கம். இன்னாசி தலைமாட்டிலும் எரிந்தது, அனிட்டா தலைமாட்டிலும் எரிந்தது. இப்போது ஓரியூர் கோயிலில் மந்திரித்து வாங்கிவந்த மெழுகுவர்த்தி, கண்ணாடி டம்ளருக்குள், பாப்பாவின் பாய்க்கு ஒரு முழம் தள்ளித் தரையில் எரிந்துகொண்டிருந்தது. ஒன்று தீரும் முன்னால் அடுத்ததை ஏற்றுவது இன்னாசியின் பொறுப்பு.

ஹெலன் போனில் முகம் பார்த்துப் பேசினார். அனிட்டா பிள்ளையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். வேர்க்குரு வாடியிருந்தது.

“நல்லாத் தூங்குறாளே. ஏசி எங்கன வாங்குனீக சம்பந்தி?”

“வாங்கலம்மா. நானே சரிபண்ணுனது.”

“பரவாயில்லையே. அப்ப இருக்கட்டும், மூணு மாசமும் அங்கனயே இருக்கட்டும்.”

அன்று சாயங்காலம் இன்னாசி டீக்கடைக்குப் போய், கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் டீ சொன்னார்.

நாலாம் நாள் அனிட்டா மூக்கைச் சுளித்தாள்.

“அய்யா, என்னமோ நாறுது.”

வாசலில் லூர்து மேரி கணவாய் மீன் காயப்போட்டிருந்தாள். தார்ப்பாயோடு இழுத்துப் பின்பக்கம் கொண்டுபோனாள். மறுநாளும் அனிட்டா அதையே சொன்னாள்.

“அம்மா, கருவாட்டு நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற.”

“பிள்ளை பெத்தவளுக்கு எல்லாம்தான் நாறும். உன்னப் பெத்துப் போட்டுக் கெடக்கையில எனக்குச் சோறே நாறுச்சு.”

“உங்களுக்கு அடிக்கலையாய்யா?”

இன்னாசி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தார். குளிர் மட்டும் தெரிந்தது. இருந்தாலும் சமையல்கட்டுச் சிலிண்டரைச் சோதித்தார், பழைய டியூபைக் கழற்றிப் புதுசு மாட்டினார். ஏசிப் பெட்டியின் மேல் அவருக்குச் சந்தேகம் வரவே இல்லை. அவர் கையால் பூசியது, அவர் கையால் நுரை தடவியது.

ஆறாம் நாள் மத்தியானம் கரண்டு போனது. ஏசி நின்றது. கதவைத் திறந்தால் அனல் வரும் என்று திறக்கவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னாசி பனையோலை விசிறியால் மெதுவாக விசிறிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் போயிருக்கும். குளித்துவிட்டு வந்த அனிட்டா பால் கொடுப்பதற்காகப் பாயருகே குனிந்தாள். குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள்.

“அய்யா, நிக்கையில ஒண்ணுமில்ல. கீழ குனிஞ்சாத்தான் நாறுது.”

இன்னாசியின் கையில் விசிறி நின்றது.

போட்டில் சிலிண்டர் ஒழுகினால் கேஸ் மேலே போகாது. தண்ணியைப் போல இறங்கி அடித்தளத்தில் தேங்கும். அதனால்தான் ராத்தங்கல் முடிந்து இன்ஜினைக் கிளப்பும் முன் பலகையைத் திறந்து காற்றுப் போகவிட வேண்டும். அவசரத்தில் திறக்காமல் கிளப்பியவர்கள் கதை ஜெட்டியில் எல்லோருக்கும் தெரியும். புதுசாக வேலைக்கு வருகிறவனுக்கு இன்னாசி முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். முப்பத்தைந்து வருஷமாகத் தெரிந்த விஷயம், தன் வீட்டுத் தரையில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

தரையில் பிள்ளை கிடந்தாள். ஒரு முழம் தள்ளி மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஏசியின் சுவிட்சு போட்டபடியே இருந்தது. கரண்டு வந்ததும் பெட்டி ‘டக்’ என்று கிளம்பும்.

“ஆத்தா, பிள்ளையத் தூக்கு” என்றார். குரலை உயர்த்தவில்லை. “தூக்கிட்டு வெளிய போ. ஓடாத. எந்தச் சுவிட்சையும் தொடாத.”

“என்னய்யா?”

“போ.”

அனிட்டா பிள்ளையை அள்ளிக்கொண்டு போனாள். இன்னாசி மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அவர் அம்மா அணைக்கக் கூடாது என்று சொன்ன வெளிச்சம். விரலை எச்சிலில் நனைத்துத் திரியை நசுக்கினார். கதவை விரியத் திறந்து, அடியில் திணித்த வலையை உருவி எறிந்து, நேராக வெளிச்சுவரில் இருந்த மீட்டர் பெட்டிக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் கேட்டது. கரண்டு வந்திருந்தது.

சொல்லி அனுப்பியதும் வாவு முகம்மது வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றும்போது மூக்கை உறிஞ்சினார். இன்னாசியைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே போய், தரையில் மண்டியிட்டு, காயிலுக்கு நேராகக் கையில் வைத்திருந்த சின்னக் கருவியைக் காட்டினார். அது விடாமல் கத்தியது.

“அடுப்பு கேஸா?”

“ஆமா பாய்.”

“உங்க பசையெல்லாம் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. அதுக்குப் பின்னாடி, உள்ள புதுசா ஓட்டை விழுந்திருக்கு. பெட்டி ஓடுறப்பக் காத்து கலச்சு விட்டுருச்சு. நின்னதும் அப்புடியே கீழ எறங்கிருச்சு.” கதவடியைப் பார்த்தார். “இங்கன என்ன வச்சிருந்தீக?”

“நண்டு வலை.”

“வலையா? அதான். அந்தக் கண்ணு வழியா வெளிய ஓடியிருக்கு. துணியோ ரப்பரோ வச்சு அடைச்சிருந்தீகன்னா, அந்த மெழுகுவர்த்தி...”

பாம்பனுக்கு ரப்பர் வாங்க நாளைக்குப் போவதாக இருந்ததை இன்னாசி சொல்லவில்லை.

அப்போதுதான் எட்வர்ட் வந்து சேர்ந்தான். “பாய், வெளிநாட்டுல எல்லாம் இதத்தான் போடுறான்னு போன்ல...”

“போடுறான் தம்பி. நானே அந்த மாதிரி மெசின்ல வேலை பாத்திருக்கேன். நல்லாக் குளிரும், கரண்டும் கம்மியாத் தின்னும். அதெல்லாம் பொய்யில்ல. ஆனா அந்த மெசினு பொறந்ததே அந்த கேஸுக்குன்னு. எம்புட்டுப் போடணும்னு அளவு உண்டு. ரூமு இம்புட்டுப் பெருசு இருக்கணும்னு கணக்கு உண்டு. உள்ள தீப்பொறி வராத சுவிட்சு வச்சிருப்பான். அந்த கேஸும் ஈரமில்லாம, அழுக்கில்லாம சுத்தம் பண்ணுனது. சோறாக்குற கேஸு இல்ல. இந்தப் பெட்டியில ‘டக்கு டக்கு’ன்னு சத்தம் கேக்குதே, அது ஒவ்வொண்ணும் ஒரு பொறி. லாட்ஜுக்காரன் தூக்கிப் போட்ட பெட்டிக்குள்ள தீயப் பிடிச்சு வச்சு, அதப் பிள்ளை தலைக்கு நேரா மாட்டியிருக்கீக.”

எட்வர்ட் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“பாய்” என்றார் இன்னாசி. “காயில மட்டும் புதுசா மாத்திட்டா?”

“இதுக்குக் காயில் வராதுண்ணே.”

“வெல்டு வச்சா?”

“வைக்க வைக்க அரிக்கும்.”

“சுவிட்ச வெளிய இழுத்து வச்சு, கேஸக் கொறச்சுப் போட்டு, நான் தெனமும் நுரை தடவிப் பாத்துக்கிட்டே இருந்தா? ராத்திரி பகலா உக்காந்துருக்கேன் பாய். எனக்கு வேற வேலை இல்ல.”

வாவு முகம்மது அவர் தோளில் கை வைத்தார். “உங்களுக்கு மூக்கு இல்லைன்னு அண்ணி சொன்னாகளே. எத வச்சுப் பாத்துக்கிருவீக?”

இன்னாசி பெட்டியைப் பார்த்தார். எந்த இன்ஜின் முன்னாலும் அவர் இப்படி நின்றதில்லை. அங்கே எப்போதும் செய்வதற்கு இன்னும் ஒன்று இருக்கும்.

பெட்டியில் மிச்சம் இருந்த கேஸை வீட்டுப் பக்கம் திறக்கக் கூடாது என்றார் மெக்கானிக். மூணு பேரும் அதை ஜன்னலிலிருந்து பெயர்த்து எடுத்து, லோடு ஆட்டோவில் வைத்து, ஆளில்லாத கரைப்பக்கம் கொண்டுபோனார்கள். ஆட்டோவை அணைத்து, தூரத்தில் நிறுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். காற்று வருகிற பக்கம் எல்லோரையும் நிற்க வைத்து, எட்வர்டின் பீடிக்கட்டையும் போனையும் ஆட்டோவிலேயே போட்டுவிட்டு வரச் சொல்லி, வாவு முகம்மது வால்வைத் திறந்தார். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

“இம்புட்டுத்தானா?” என்றான் எட்வர்ட்.

“மிச்சம் இம்புட்டுத்தான். பாக்கி அந்த ரூமுக்குள்ளதான் ஒழுகுச்சு.”

வீட்டுக்குத் திரும்பியபோது தெருமுனையிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. ஜன்னல் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அனிட்டா ஈரத்துணியால் பிள்ளையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மறுபடியும் சிவப்பு ஏறியிருந்தது. அவள் அப்பாவை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

லூர்து மேரி அணைந்த திரியைப் பார்த்துவிட்டாள்.

“யாரு அணைச்சது?”

“நான்தான்.”

“நீங்களா?” என்றாள்.

விஷயத்தை ராமநாதபுரத்துக்குச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். ஏசி ரிப்பேர் என்று ஒரு வாரம் ஓட்டியிருக்கலாம். இன்னாசி வாசலில் இரண்டு தரம் நடந்தார். பிறகு போனை எடுத்து, மருமகன் பெயரை எழுத்துக்கூட்டித் தேடி, அவரே அழுத்தினார்.

“மாப்ள, வண்டி எடுத்துட்டு வாங்க. பிள்ளைக்கு இங்கன தாங்கல.” கொஞ்சம் நிறுத்தினார். “நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அத நேர்ல சொல்றேன்.”

ஆன்டோ வந்தான். இன்னாசி எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் குறைக்காமல். ஆன்டோ கேட்டுவிட்டு, “விடுங்க மாமா, ஒண்ணும் ஆகலேல்ல” என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அனிட்டா வண்டியில் ஏறினாள். லூர்து மேரி தொட்டில் துணி, பால் சங்கு, வசம்பு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். இன்னாசி கண்ணாடி டம்ளரையும் மிச்சமிருந்த ஓரியூர் மெழுகுவர்த்திகளையும் ஒரு பையில் போட்டு, மகள் மடியில் வைத்தார். ஏற்றச் சொல்லவும் இல்லை, ஏற்றாதே என்று சொல்லவும் இல்லை. தடைக்காலம் முடிய இன்னும் முப்பத்தாறு நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி ராமநாதபுரம் போனார். ஹெலன் கதவைத் திறந்தார்.

“வாங்க சம்பந்தி. பேத்தி தூங்குறா. உள்ள போய்ப் பாருங்க.”

“பாக்குறேம்மா. மாடிக்குப் போற படி எது?”

ஹெலனுக்குப் புரியவில்லை. காட்டினார். மொட்டை மாடியில், சுவரோரம், ஏசியின் வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்னாசி அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒட்டியிருந்த சீட்டை விரல் வைத்து வாசித்தார். இங்கிலீஷ் எழுத்து ஒன்று, பிறகு ஒரு மூணு, ஒரு ரெண்டு. பக்கத்தில் சின்னதாக ஒரு தீப் படம். போனை எடுத்தார்.

“பாய், ஆர் மூணு ரெண்டுன்னு போட்டிருக்கு. தீப்படம் போட்டிருக்கு.”

“அதுவாண்ணே. அது கொஞ்சம்போலப் பத்துற கேஸுதான். ஆனா கம்பெனிக்காரன் அதுக்குன்னே கட்டுனது. பயப்படாதீக.”

“கொஞ்சம்போலன்னா எம்புட்டு பாய்?”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. “அண்ணே, அதெல்லாம் போன்ல சொல்லி உங்களுக்கு ஆறாது. நான் ராமநாதபுரம் வர்ற அன்னைக்கு எட்டிப் பாத்துட்டுச் சொல்றேன். போய்ப் பிள்ளையப் பாருங்க.”

கீழே வந்தார். அறைக்குள் சத்தமே இல்லாமல் குளிர் வந்துகொண்டிருந்தது. பேத்தி கட்டிலில், வெள்ளைத் துணியில், முதுகு தெரியப் படுத்திருந்தாள். ஒரு பொரிகூட இல்லை. கட்டில் பக்கத்தில் உயரமான ஸ்டூல் மேல், அவர் கொடுத்தனுப்பிய அதே கண்ணாடி டம்ளருக்குள், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

“அத்தைதான் ஏத்துனாக. உங்க வழக்கத்த விட வேண்டாம்னு” என்றாள் அனிட்டா.

இன்னாசி தலையை ஆட்டினார். பேத்தியைத் தொடவில்லை. வெள்ளை வேட்டியோடு தரையில் மண்டி போட்டு, கட்டிலுக்குக் கீழே குனிந்து, முகத்தைக் கிட்டத்தட்டத் தரையில் வைத்து மூச்சை இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு என்றைக்குமே தெரியப் போவதில்லை.

“ஆத்தா.”

“என்னய்யா?”

“ஏதாச்சும் நாறுதா?”

“இல்லய்யா.”

“நின்னுக்கிட்டுச் சொல்லாத. கீழ குனிஞ்சு பாத்துச் சொல்லு.”

அனிட்டா அவரைப் பார்த்தாள். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தரையோடு தாழ்த்தி, நிதானமாக மூச்சை இழுத்தாள்.

“இல்லய்யா” என்றாள்.

“இன்னொருக்காப் பாரு” என்றார் இன்னாசி.